மியூனிக்கில் நிமோனியா, தேனாம்பேட்டையில் தீர்ப்பு

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இல்லாத வீடு குறைவு. அரையாண்டு லீவு நெருங்கினால் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். கிளம்புகிறவர்கள் இப்போது எங்கள் வீட்டுக்கு வந்து, "ஆன்ட்டி, அங்கிளுக்கு அங்க உடம்பு முடியாம போச்சே, அப்ப என்னென்ன பண்ணீங்க? இன்ஷூரன்ஸ் பணம் வந்துதா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கொரு துண்டாகச் சொல்வதைவிட, நடந்ததை முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். காய்ச்சல் வந்தது மியூனிக்கில். அதைவிட நீண்ட போராட்டம் சென்னைக்குத் திரும்பிய பிறகு நடந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கதை.

2024 டிசம்பரில் மகள் வீட்டுக்குப் போனோம். மகளும் மாப்பிள்ளையும் மியூனிக்கில் வேலை பார்க்கிறார்கள். என் கணவருக்கு அப்போது 67 வயது. பல வருடமாக ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறார். சர்க்கரை கிடையாது, ஆஸ்துமா கிடையாது. ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நாங்கள் 50,000 டாலருக்கு எடுத்தோம். அதில் முதல் 100 டாலர் செலவு நம்முடையது. விண்ணப்பத்தில் ஏற்கெனவே உள்ள நோய்களைக் கேட்கும் கட்டத்தில் ரத்த அழுத்தம் என்று எழுதி, மாத்திரையின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். பாலிசி போட்டுக் கொடுத்தவர், "அதெல்லாம் எதுக்கு மேடம், பிரீமியம் ஏறிடும், இல்லைனு போட்டுடலாம்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. தொலைபேசித் துறையில் கோப்புகளோடே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கையெழுத்துப் போடும் தாளில் இருப்பது உண்மையாக இருக்க வேண்டும் என்பது ஊறிப்போன பழக்கம். அந்த ஒரு வரி மட்டும் இல்லாமல் போயிருந்தால் எங்கள் பக்கம் பிறகு பேச ஒன்றுமே இருந்திருக்காது.

மரியன்பிளாட்ஸ் கிறிஸ்துமஸ் சந்தையைச் சுற்றிவிட்டு வந்த சனிக்கிழமை இரவு அவருக்குக் குளிர் காய்ச்சல் தொடங்கியது. 102 டிகிரி. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல். மறுநாள் ஞாயிறு, ஜெர்மனியில் ஞாயிறென்றால் கடையும் கிடையாது, டாக்டரும் கிடையாது. திங்கள் காலை மகள் வழக்கமாகப் போகும் டாக்டரின் கிளினிக்குக்குப் போனால், ஜனவரி 7 வரை விடுமுறை என்று கதவில் தாள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் ஜனவரி 6ஆம் தேதியும் அரசு விடுமுறை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். ஆனால் அதே தாளில், இவருக்குப் பதிலாக யாரைப் பார்க்கலாம் என்று இன்னொரு டாக்டரின் முகவரியும் எழுதியிருந்தது. அங்கே விடுமுறையில் போகும் டாக்டர்கள் மாற்று ஏற்பாட்டைக் கதவில் எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். பூட்டிய கதவைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள், ஒட்டியிருப்பதைப் படியுங்கள்.

அந்த டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நிதானமாக முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தார். வைரஸ் காய்ச்சல், பாரசிட்டமால், நிறையத் தண்ணீர், ஓய்வு, மூச்சு வாங்கினால் உடனே வாருங்கள் என்றார். ஆன்டிபயாடிக் எழுதவில்லை. ஐம்பது யூரோ சொச்சம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். "இதுக்கா ஐம்பது யூரோ? நம்ம ஊரு டாக்டரா இருந்தா ஒரு ஊசியாவது போட்டிருப்பார்" என்று கணவருக்குக் குறை. எனக்கு அந்தக் குறை இல்லை. வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்பதை கொரோனா காலத்தில் வேண்டிய மட்டும் படித்திருந்தேன். அன்றைக்கு அவர் சொன்னது சரி, பிறகு நிலைமை மாறியது, அவ்வளவுதான்.

24ஆம் தேதி மதியம் இரண்டு மணியோடு கடைகள் சாத்திவிடும். அதற்குள் மாப்பிள்ளை ஓடிப்போய், வீட்டிலேயே மூக்கில் விட்டுப் பார்க்கும் பரிசோதனைக் குச்சி வாங்கி வந்தார். கொரோனா, இன்ஃப்ளூயன்ஸா இரண்டையும் ஒரே பட்டையில் காட்டுவது அது. இன்ஃப்ளூயன்ஸா ஏ என்ற இடத்தில் கோடு விழுந்தது. அந்த வருடம் ஜெர்மனியில் ஃப்ளூ அலை கிறிஸ்துமஸ் வாக்கிலேயே தொடங்கிவிட்டிருந்தது.

மருந்து விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாரசிட்டமால்கூட அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது, அப்போதேக்கெ என்கிற மருந்துக் கடையில்தான். சீட்டு இல்லாமல் வாங்கினால் ஒரு டப்பாவில் 500 மில்லிகிராம் மாத்திரை அதிகபட்சம் இருபதுதான் இருக்கும். ராத்திரியிலும் விடுமுறை நாளிலும் முறை வைத்துச் சில கடைகள் மட்டும் திறந்திருக்கும். இன்று எந்தக் கடையின் முறை என்று ஒவ்வொரு மருந்துக் கடைக் கதவிலும் ஒட்டியிருப்பார்கள். மணி அடித்தால் சின்ன ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள், அந்த நேரத்துக்கு 2.50 யூரோ தனிக் கட்டணம். நம் ஊர் மாத்திரைகளின் பிராண்டு பெயர் அவர்களுக்குப் புரியாது. அம்லோடிபின் என்றால் உலகம் முழுக்கப் புரியும். எல்லா மாத்திரைகளையும் மருந்துப் பெயரும் அளவுமாக ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

25ஆம் தேதி காய்ச்சல் இறங்கியது. இரண்டு இட்லி சாப்பிட்டார், பேத்தியோடு உட்கார்ந்து மரத்தடிப் பரிசுகளைப் பிரித்தார். எல்லாருக்கும் நிம்மதி. 26ஆம் தேதி சாயங்காலம் திடீரென்று பல் கிட்டும்படி நடுக்கம். மறுபடி காய்ச்சல், இந்தத் தடவை பழுப்பு நிறச் சளி. இருமும்போது வலப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளூ தணிகிற மாதிரி தணிந்து, பிறகு திரும்பிக் காய்ச்சல் வந்தால் அது நுரையீரலில் பாக்டீரியா புகுந்ததன் அறிகுறியாக இருக்கலாம் என்று மருத்துவமனையில் பிறகு விளக்கினார்கள். வயதானவர்களோடு பயணம் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது. முதல் காய்ச்சலைவிட இரண்டாவதாக வருகிற காய்ச்சலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரைப் பெட்டியில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். விரலில் மாட்டினால் 89 காட்டியது. விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும் என்று கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்த்தோம். 89தான். என் விரலில் 98. அதற்கு மேல் யோசிக்க எதுவும் இல்லை.

அவருக்கு மட்டும் யோசனை. "ஆம்புலன்ஸெல்லாம் வேணாம். இந்த ஊர்ல ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில படுத்தா நம்ம ஒரு வருஷ பென்ஷன் போயிடும். காலையில பாத்துக்கலாம்" என்றார். ஒரு வாக்கியம் முடிக்க நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார். மகள் அழுதுகொண்டே, "அப்பா, இன்ஷூரன்ஸ் எதுக்குப்பா எடுத்தோம்?" என்றாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க, பணம் என் பொறுப்பு. நீங்க மூச்சு விடுறதை மட்டும் பாருங்க" என்றேன். அந்த வார்த்தையைக் காப்பாற்ற அடுத்த ஆகஸ்ட் வரை ஆகும் என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜெர்மனியில் உயிருக்கு ஆபத்தென்றால் 112. கிளினிக்குகள் மூடியிருக்கும் நேரத்தில் அவ்வளவு அவசரமில்லாத நோய்க்கு 116117. மகள் 116117ஐத்தான் முதலில் கூப்பிட்டாள். வயது, காய்ச்சல் எத்தனை நாள், ஆக்ஸிஜன் எவ்வளவு, பேசும்போது மூச்சு வாங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள். 89 என்று சொன்னதும், இது எங்கள் வேலை இல்லை, வண்டி அனுப்புகிறோம் என்று இணைப்பை மாற்றிவிட்டார்கள். வந்தவர்கள் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயைச் செருகி, நான்கு மாடியும் நாற்காலியில் வைத்தே இறக்கினார்கள்.

அவசரப் பிரிவில் அவரை உள்ளே கொண்டுபோனதும் நான் செய்த முதல் வேலை, காப்பீட்டு நிறுவனத்தின் வெளிநாட்டு உதவி எண்ணைக் கூப்பிட்டது. மணி பத்தரை, இந்தியாவில் அதிகாலை மூன்று. அந்த எண் 24 மணி நேரமும் இயங்கும், பாலிசித் தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள். நோயாளியின் பெயர், பாலிசி எண், மருத்துவமனையின் பெயர், வார்டு, தொலைபேசி எல்லாம் சொல்லி, கிளெய்ம் எண் வாங்கினேன். பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொண்டேன். பிறகு மகளை விட்டு அதே விவரத்தை அவர்களுடைய மின்னஞ்சலுக்கும் அனுப்பச் சொன்னேன். இதில் எந்தப் படியையும் நாளைக்குத் தள்ளாதீர்கள். உடனே தெரிவிக்கவில்லை என்பதையே காரணமாக்கிப் பணத்தைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் கொடுக்கும் விதி பாலிசிகளில் உண்டு. போனில் பேசியது காற்றோடு போகும், மின்னஞ்சல் நிற்கும்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. இன்ஃப்ளூயன்ஸா ஏ, அதன் மேல் பாக்டீரியா நிமோனியா. தனி அறை, வெளியே முகக்கவசம், மேலங்கி. உள்ளே போகும்போதெல்லாம் நாங்களும் அவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர்கள் நன்றாக ஆங்கிலம் பேசினார்கள். ராத்திரி நர்ஸ்களில் ஒருவர் கோட்டயத்துக்காரர். எங்கள் முகத்தைப் பார்த்ததும், "தமிழா? பேடிக்கண்டா அம்மா, பயப்படாதீங்க, அப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று கலந்து பேசினார். அவர் வேலையில் இருந்த ராத்திரிகளில்தான் நான் தூங்கினேன். ஜெர்மானிய மருத்துவமனைகளில் மலையாளி நர்ஸ்கள் நிறைய. தெரியாத ஊரில் படுத்திருப்பவருக்கு நம் பக்கத்துக் குரல் ஒன்று காதில் விழுவது எவ்வளவு பெரிய மருந்து என்பதை அங்கே பார்த்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கே ஆறின ரொட்டியும் சீஸும் ராச்சாப்பாடாக வரும். அதை அவர் தொடவே இல்லை. மகள் பிளாஸ்கில் மிளகு ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவர அனுமதி வாங்கினாள்.

பணப் பக்கம் இப்படி. வெளிநாட்டு நோயாளி என்றால், செலவை ஏற்கிறோம் என்று காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து எழுத்தில் உத்தரவாதக் கடிதம் வர வேண்டும், இல்லையென்றால் முன்பணம் கட்ட வேண்டும் என்றார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் வெள்ளி. பிறகு சனி, ஞாயிறு, வருடக் கடைசி, புத்தாண்டு. மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் பாதி நாள் ஆளே இல்லை. இந்தப் பக்கம் காப்பீட்டுக்காரர்கள் தினமும் 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் போட்டார்கள். கடைசியில், முன்பே இருந்த நோய் குறித்து விசாரிக்க வேண்டியிருப்பதால் உத்தரவாதக் கடிதம் தர இயலாது, ஊருக்கு வந்து பில் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். மகள் தன் கணக்கிலிருந்து கட்டினாள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஆறாயிரம் யூரோ, நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல்.

அந்தக் கடிதம் வந்த அன்றே, வழக்கு எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் டிஸ்சார்ஜுக்கு முன்பே தாள் சேர்க்கத் தொடங்கினேன். நிறுவனத்தின் கிளெய்ம் படிவத்தில் சிகிச்சை தந்த டாக்டர் நிரப்ப வேண்டிய பக்கம் ஒன்று இருக்கும். அதை மாப்பிள்ளை அச்செடுத்து வந்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் நேரிலேயே கொடுத்தேன். அதில் ஒரு கேள்வி: இப்போதைய நோய் ஏற்கெனவே இருந்த நோயால் வந்ததா? அவர் 'இல்லை' என்று குறித்து, இன்ஃப்ளூயன்ஸா தொற்றைத் தொடர்ந்து வந்த நிமோனியா என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டார். ஐந்து நிமிட வேலை. ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கையெழுத்தை வாங்க நினைத்தால் மாதக் கணக்கில் ஆகியிருக்கும்.

டிஸ்சார்ஜ் கடிதம் ஜெர்மன் மொழியில்தான் தருவார்கள். ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டோம், கொடுத்தார்கள். எக்ஸ்ரே சிடி, ரத்தப் பரிசோதனை முடிவுகள், வரி வரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, மகளின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதற்கான தாள், எல்லாவற்றையும் கேட்டு வாங்கினோம். ஆம்புலன்ஸ் பில் மட்டும் அப்போது வராது. அது தனி, வாரக் கணக்கு கழித்துத் தபாலில் மகள் வீட்டுக்கு வந்தது. சென்னையில் 108 இலவசம் என்று பழகிய நமக்கு, ஒரு வண்டிக்கு நூற்றுக்கணக்கான யூரோ பில் வருவது அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

திரும்பும் டிக்கெட் ஜனவரி முதல் வாரத்தில். டாக்டர் பறக்கக் கூடாது என்றார். பறக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தத்தை அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள். ஊட்டி 7,300 அடி சொச்சம். அதாவது பத்து மணி நேரம் ஊட்டியைவிடச் சற்று உயரத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தேறாத நுரையீரலுக்கு அது தாங்காது. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டோம். விமான நிறுவனம் மெடிஃப் என்ற படிவத்தை டாக்டர் நிரப்பித் தரச் சொன்னது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆக்ஸிஜன் 95க்கு மேல் நின்று, மாடிப்படி ஏறிப் பார்த்தும் பெரிதாக இறங்காத பிறகுதான் கையெழுத்துப் போட்டார். வீல்சேர் முன்கூட்டியே கேட்டு வைத்தோம், அதற்குக் கட்டணம் இல்லை. விசாவிலும் பாலிசியிலும் டிக்கெட் தேதிக்கு மேல் நாள் மிச்சம் இருந்ததால் இந்தத் தாமதம் இன்னொரு தலைவலியாக மாறவில்லை. திரும்பும் நாளோடு முடிகிற மாதிரி பாலிசி எடுக்காதீர்கள். கூடுதல் நாளுக்கான பிரீமியம் சொற்பம்.

பொங்கல் கழித்து சென்னை வந்து இறங்கினோம். இங்கே நுரையீரல் டாக்டரைப் பார்த்தோம், ஆறு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்து முழுதாகத் தெளிந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டோம். உடம்புக் கதை இதோடு முடிந்தது.

கிளெய்ம் போடுவதற்கும் கெடு உண்டு. ஆம்புலன்ஸ் பில் வரட்டும் என்று காத்திருக்காமல், கையில் இருந்ததை வைத்து விண்ணப்பித்து, இன்னும் ஒரு பில் வர வேண்டியிருக்கிறது என்று கடிதத்தில் எழுதினேன். பாஸ்போர்ட்டில் நுழைந்த, வெளியேறிய முத்திரைப் பக்கங்களின் நகலும் போர்டிங் பாஸும் கேட்டார்கள். ஐரோப்பாவில் 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகை, முகப் பதிவு முறை படிப்படியாக வரத் தொடங்கியது. இனிப் போகிறவர்கள் போர்டிங் பாஸைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது இன்னும் முக்கியம். டிஸ்சார்ஜ் கடிதத்துக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் கேட்டார்கள். எதிர் வீட்டுப் பெண் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படித்தவள், படித்துப் புரியவைத்தாள். ஆனால் சமர்ப்பிக்கச் சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும் என்றதால் தனியே பணம் கொடுத்துச் செய்தோம்.

பிறகு ஒவ்வொரு கடிதமாக வந்தது. ரத்த அழுத்தம் எப்போது தொடங்கியது? பழைய சீட்டுகள் எங்கே? கடைசி இசிஜி எங்கே? கேட்டதையெல்லாம் கொடுத்தேன். வெயில் காலம் ஆரம்பித்த பிறகு மறுப்புக் கடிதம் வந்தது. ஒரே பத்தி. டிஸ்சார்ஜ் கடிதத்தில் ஐ10 என்ற நோய்க் குறியீடு இருப்பதால் இது ஏற்கெனவே இருந்த நோய் சார்ந்த சிகிச்சை, பாலிசி விலக்குப்படி பணம் தர இயலாது.

ஐ10 என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ரத்த அழுத்தம். இன்ஃப்ளூயன்ஸாவால் வந்த நிமோனியாவுக்கு ஜெ10.0. எதிர் வீட்டுப் பெண்ணோடு உட்கார்ந்து கடிதத்தைத் திரும்பப் படித்தேன். முதன்மை நோய் என்ற தலைப்பின் கீழ் ஜெ10.0 இருந்தது. ஐ10 இருந்தது அதற்குக் கீழே, நோயாளிக்கு உள்ள மற்றவை என்ற பட்டியலில். ஆஸ்பத்திரியில் தினமும் ஒரு அம்லோடிபின் கொடுத்தார்கள், அதற்காக எழுதியது. ஐந்து லட்சத்தில் அந்த மாத்திரையின் பங்கு சில யூரோகூட இல்லை.

"விடு, பணம் போனா போகட்டும், ஆள் பிழைச்சு வந்ததே போதும்" என்றார் கணவர். அவர் சொன்னது அன்பால். ஆனால் அது மகளின் சேமிப்பு. அதற்கும் மேல், நாங்கள் உண்மையை எழுதிக் கொடுத்தோம், அந்த உண்மையையே எங்களுக்கு எதிராகத் திருப்பினார்கள். அதை என்னால் விட முடியவில்லை.

முதல் படி, நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐஆர்டிஏஐ ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கிளெய்ம்களை மீளாய்வு செய்யும் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்த மருத்துவக் கிளெய்மையும் மறுக்கக் கூடாது. எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்பதையும் விளக்க வேண்டும். அந்தக் குழுவின் முடிவையும், ரத்த அழுத்தத்தால் இந்த நிமோனியா வந்தது என்று எந்த டாக்டர் சொல்கிறார் என்பதையும் கேட்டு எழுதினேன். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் அதே புகாரைப் பதிந்தேன். 155255 என்ற எண்ணிலும் பதியலாம். பழைய பதிலையே வேறு வார்த்தையில் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாம் படிதான் தேனாம்பேட்டை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், ஆம்பட்ஸ்மேன் என்று சொல்வார்களே, அவரது சென்னை அலுவலகம் அண்ணா சாலை மேலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுக்கும், புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் அதுதான். இப்படி ஓர் இடம் இருப்பது எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. தனிநபர் பாலிசிகளில் 50 லட்சம் ரூபாய் வரை உள்ள தகராறுகளை எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை, சொல்லப்போனால் வக்கீலை அனுமதிப்பதும் இல்லை. முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுத்திருக்க வேண்டும். அவர்கள் மறுத்திருக்க வேண்டும், அல்லது ஒரு மாதமாகியும் பதில் தராமல் இருந்திருக்க வேண்டும். மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அதே விஷயம் நுகர்வோர் ஆணையத்திலோ கோர்ட்டிலோ இருக்கக் கூடாது. இணையத்திலும் புகார் தரலாம். நான் மெட்ரோ பிடித்து நேரில் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர் தாள்களை வாங்கிப் புரட்டி, மொழிபெயர்ப்பில் விட்டுப்போன ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

புகாரை இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதவில்லை. மூன்றே விஷயங்கள். பாலிசி எடுக்கும்போதே ரத்த அழுத்தத்தைத் தெரிவித்தோம், விண்ணப்ப நகல் இதோ. சிகிச்சை தந்த டாக்டர், முந்தைய நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எழுதியிருக்கிறார், கையெழுத்து இதோ. அவசரப் பிரிவில் சேர்த்தபோது ஆக்ஸிஜன் அளவு என்ன என்பது பதிவில் இருக்கிறது. முந்தைய நோயே காரணம் என்று வைத்துக்கொண்டாலும், உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு விலக்கு பொருந்தாது என்று அவர்களுடைய பாலிசியே சொல்கிறது. சென்னை நுரையீரல் டாக்டரிடமும் ஒரு சான்று வாங்கிச் சேர்த்தேன். ஒவ்வொரு தாளுக்கும் மேலே எண் போட்டு, புகாரில் அந்த எண்ணைக் குறித்தேன். படிக்கிறவர் தேட வேண்டியிருக்கக் கூடாது.

விசாரணை காணொளியிலும் நடக்கும். நாங்கள் நேரில் போகவே விரும்பினோம், கணவரும் வந்தார். கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் இல்லை, மேசையைச் சுற்றி நாற்காலி. நிறுவனத்தின் சார்பில் வந்தவர் இளைஞர், மரியாதையாகப் பேசினார். ஐ10 குறியீட்டையும் விலக்கு விதியையும் வாசித்தார். பிறகு என் முறை. தமிழிலேயே சொல்லலாம் என்றார்கள். டிஸ்சார்ஜ் கடிதத்தில் எந்த நோய் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்று காட்டினேன். ரத்த அழுத்தம்தான் நிமோனியாவுக்குக் காரணம் என்று மருத்துவ ஆவணத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவரிடம் கேட்கப்பட்டது. அப்படி ஒரு வரி அவர் கோப்பில் இல்லை. கால் மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. வெளியே வந்ததும் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். எதுவும் பேசவில்லை.

தேவையான தாள் எல்லாம் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும் என்பது விதி, எங்களுக்கு அதற்கு முன்பே வந்தது. 100 டாலரையும், டிவி, போன் போன்ற மருத்துவம் சாராத சில்லறைச் செலவையும் கழித்து மீதியைக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. ஆம்புலன்ஸ் பில்லும் அதில் அடக்கம். இந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், 30 நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். நமக்குத் திருப்தி இல்லையென்றால் நாம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. ஆகஸ்ட் கடைசியில் ரூபாயாகக் கணவரின் கணக்குக்குப் பணம் வந்தது. அன்றைக்கே மகளுக்கு அனுப்பினோம். வேண்டாம் என்றாள், "அது உன் காசு, வாங்கிக்கோ" என்றேன்.

இந்த டிசம்பரில் மறுபடி போகிறோம். இரண்டு பேரும் ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம். ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாவது வேண்டும் என்பதால் கார்த்திகை பிறக்கும்போதே முடித்துவிட்டோம். புதிய பாலிசி விண்ணப்பத்தில் ரத்த அழுத்தத்தோடு போன வருட ஆஸ்பத்திரி வாசத்தையும் எழுதினேன். டிஸ்சார்ஜ் கடிதமும் கடைசி எக்ஸ்ரே அறிக்கையும் கேட்டார்கள், அனுப்பினேன். பிரீமியம் கொஞ்சம் ஏறியது. நான் எழுதிய எல்லாம் பாலிசித் தாளில் ஏறியிருக்கிறதா என்று வரி வரியாகச் சரிபார்த்து, ஒரு நகலை மகளுக்கு அனுப்பியாயிற்று.